ஜன்னலுக்கு அழுக்கு ஒட்டியவன்

செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறுகிற எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். ஏரி தெரியும், எருமை தெரியும். கையில் மொபைல் இருந்தால் அதுவும் தெரியாது. ஜன்னலையே பார்த்த மனிதன் உலகத்தில் ஒருவன்தான். அவனோடு நான் ஒரே அறையில் இருந்தேன்.

அவனுக்குப் பெயர் ஜன்னல். ஆதார் அட்டையில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான்.

நான் வேன் ஓட்டுகிறேன். கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்களை செங்கல்பட்டில் ஏற்றி சிறுசேரியில் இறக்குவேன். சாயந்திரம் திரும்ப ஏற்றி வருவேன். எங்கள் அறைக்குக் கீழே பாய் ஒருவரின் ஸ்டிக்கர் கடை. கார் கண்ணாடிக்கு பிலிம் ஒட்டுவார்கள், வண்டியில் பெயர் ஒட்டுவார்கள். ஜன்னல் அங்கே வேலை பார்த்தான். பகலெல்லாம் கண்ணாடியில் எதையாவது ஒட்டுவான். சாயந்திரம் மாடி ஏறி வந்து, கம்ப்யூட்டரில் ரயில் கண்ணாடிக்கு எதையாவது ஒட்டுவான்.

ஒரு இடத்தில் உட்கார மாட்டான். சாப்பிடும்போதே எழுந்து போய் அறைக் கண்ணாடியை நகத்தால் சுரண்டுவான். என் வேனில் ஏறினால் சீட்டு சீட்டாக மாறுவான். திருப்போரூர் வருவதற்குள் எல்லா சீட்டும் சூடாகியிருக்கும்.

கம்ப்யூட்டரில் அவன் வைத்திருந்தது ரயில் ஓட்டுகிற கேம். வாங்கிய எல்லோரும் அதில் ரயில் ஓட்டினார்கள். இவன் ஒரு நாளும் ஓட்டியதில்லை. நிற்கிற ரயிலின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு கண்ணாடியைப் பார்ப்பான். யாரோ ஒரு புண்ணியவான் நம் செங்கல்பட்டு ரயிலையே அந்த கேமுக்குள் செய்து வைத்திருந்தான். பெட்டி சரி, கம்பி சரி, ஹாரன்கூட சரி. ஜன்னல் கண்ணாடி மட்டும் நீலமாகப் பளபளத்தது. அதில் மேகம் தெரிந்தது.

அன்றைக்கு இவன் நாஸ்தா தொடவில்லை.

"இன்னா அண்ணாத்த இது. ரயிலா, நகைக் கடையா?"

"நல்லாத்தானே கீது," என்றேன்.

"அதான் பேஜாரு. நம்ம ரயில்ல எந்த ஜன்னலு நல்லா கீது, நீயே சொல்லு."

 நான் ரயிலில் போகிறவன் இல்லை.

கேமில் ஜன்னல் என்பது ஜன்னல் இல்லையாம். ஒரு படமாம். பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி. அதை எடுத்துவிட்டு வேறு படம் போட்டால் ஜன்னல் மாறிவிடும். கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் உண்டு. அதில் வெள்ளையான இடம் தகரம். கறுப்பான இடம் கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியும். இதையெல்லாம் அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். நான் கேட்கவில்லை.

முதல் தடவை கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிப் போட்டுவிட்டான். கேமைத் திறந்தால் ரயிலைக் காணோம். பெட்டி மொத்தமும் கண்ணாடியாகிவிட்டது. ஜன்னல்கள் மட்டும் கெட்டியாக, வரிசையாக, தண்டவாளத்துக்கு மேலே பறந்து தாம்பரம் பக்கம் போய்க்கொண்டிருந்தன. வேறொருவன் என்றால் தலையில் அடித்துக்கொள்வான். இவன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டான்.

"பாத்தியா அண்ணாத்த. ரயிலே வேணாம்ன்றேன்."

அப்புறம் அழுக்கு தேட ஆரம்பித்தான். மனசிலிருந்து வரைகிற அழுக்கு கூடாதாம். ஒரிஜினல் வேண்டுமாம். தினமும் ஸ்டேஷனுக்குப் போய் நிற்கிற ரயிலின் ஜன்னல்களைப் போட்டோ எடுத்தான். காய்ந்த பாக்கு எச்சில். தலைக்கு எண்ணெய் வைத்தவர் சாய்ந்து தூங்கிய வட்டம். ஆணியால் கீறிய இதயம், அதற்குள்ளே அடித்து மாற்றிய பெயர். கிழித்தும் போகாத மூல வியாதி நோட்டீஸ். பாதி ஏறி மாட்டிக்கொண்ட கண்ணாடிக் கதவு. கேமில் எல்லாக் கதவும் ஒரே உயரத்தில் நின்றது அவனுக்குப் பொறுக்கவே இல்லை.

ஒரு நாள் ரயில்வே போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார். லேடீஸ் பெட்டிக்கு நேராக நின்று போட்டோ எடுத்தால் யார்தான் விடுவார்கள். எனக்கு போன் வந்தது. போனேன். போலீஸ்காரர் அவன் மொபைலைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் போய் வேறு என்னமோ வந்திருந்தது.

"இன்னாடா இது. ஒரு போட்டோலயும் ஆளே இல்ல."

"ஆளு வந்தா எடுக்க மாட்டேன் சார். கறைய மறைச்சிடுவாங்க."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். "நீ இவனுக்கு இன்னா வேணும்?"

"ஒரே ரூம் சார்."

"எப்டிய்யா தூங்குற?"

 கம்ப்யூட்டர் விஷயத்தை ஜன்னலே விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் மொபைலைக் கொடுத்துவிட்டு, "அந்த கேமுல எங்க போலீஸ் ரூம் கீதா?" என்றார். இல்லை என்றதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் சவாரி. ஒரு குடும்பத்தை ஏற்றிப் போனேன். இவனும் தொற்றிக்கொண்டான். அவர்கள் கோயில் பார்க்கப் போனார்கள். இவன் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். தேடிக்கொண்டு போனால், நிற்கிற பஸ்ஸின் கண்ணாடியை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மேலே கண்டக்டர் வாயைத் திறந்தபடி நிற்கிறார்.

"உப்பு அண்ணாத்த," என்றான். "அசல் கடல் உப்பு."

"செங்கல்பட்டு ரயிலுக்கு எதுக்குடா உப்பு?"

"சதுரங்கப்பட்டினத்து ஆயாங்க மீன் கூடையோட ஏர்றாங்க இல்ல. கூடைய சாய்க்கிற ஜன்னலு வெள்ளையா பூத்திருக்கும். நீ பாத்ததில்ல."

நான் கண்டக்டரிடம் தலையைக் காட்டி ஜாடை செய்தேன். அவரும் புரிந்த மாதிரி தலையாட்டினார்.

பாய்க்குத்தான் ரொம்பக் கஷ்டம். "இவன வெச்சிகினு நான் இன்னா பண்றது," என்பார். "கஸ்டமரு பிலிம் ஒட்ட வந்தா, கண்ணாடிய தொடைக்காத, அழகா கீதுன்றான்."

கடைசியில் ஜன்னல்களை எல்லாம் முடித்து இன்டர்நெட்டில் விட்டான். எந்தத் தேசத்திலிருந்தோ ஒருத்தன் பதில் எழுதினான். கண்ணாடி சரியாக வரவில்லை, அழுக்காகத் தெரிகிறது, சரி செய்யவும் என்று. ஜன்னல் அதை எனக்குப் படித்துக் காட்டினான். அப்புறம் பாய்க்கு. அப்புறம் டீக்கடையில்.

"அழுக்கா தெரியுதாம் அண்ணாத்த. அவன் வாயாலயே சொல்லிட்டான்."

இதுவரைக்கும் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சிறுசேரியில் வண்டிகளைக் கவனிக்க ஒரு சூப்பர்வைசர் இருந்தார். அவருக்கு என் வேனைப் பிடிக்காது. பழசு. புது வண்டிகளின் வரிசையில் அது கல்யாணத்துக்கு லுங்கியில் வந்தவன் மாதிரி நிற்கும். அதைக் கழற்றிவிட அவர் சாக்கு தேடிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை உத்தரவு போட்டார். எல்லா வண்டியிலும், இரண்டு பக்க ஜன்னலிலும், கம்பெனி பெயரும் ரூட்டும் இங்கிலீஷில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் இல்லையென்றால் அந்த வண்டியின் டிரிப் வேறொருவனுக்கு. எனக்கு நிலையானது அந்த ஒரு டிரிப்தான். அது போனால் வேனை வைத்துக்கொள்ள முடியாது. வேன் போனால் எனக்கு வேறு வேலை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பாய் மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஜன்னல் ஒண்டியாக வேலை பார்த்தான். கம்ப்யூட்டரில் அடித்தான், மிஷின் எழுத்துகளை வெட்டித் தந்தது. சோப்புத் தண்ணீர் அடித்து, ரப்பரால் தேய்த்து, ஒரு குமிழி இல்லாமல் ஒட்டினான். நான் டீயோடு பக்கத்தில் நின்றேன்.

"எப்டி கீது அண்ணாத்த?"

"நேரா கீது."

வரிசை நேராகத்தான் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்து எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுதான்.

திங்கட்கிழமை கேட்டில் சூப்பர்வைசர் நின்றார். இடது பக்கம் பார்த்தார். தலையாட்டினார். வலது பக்கம் போனார். திரும்பி வரவில்லை. நான் இறங்கிப் போனேன்.

"இன்னாயா இது?"

"நீங்க சொன்ன பேரு சார்."

"படி."

"இங்கிலீஷ் படிக்கத் தெரியாது சார்."

"எனக்குத் தெரியும். எனக்கே படிக்க வரலயே."

எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி நின்றன. வேனுக்குள்ளிருந்து ஒரு பெண் தலையை நீட்டி, "சார், உள்ள இருந்து பார்த்தா கரெக்டா இருக்கு," என்றாள். வேன் முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசருக்குத் தேடிய சாக்கு கிடைத்துவிட்டது.

"இறக்கிட்டு கிளம்பு. சாயந்திரத்துக்கு வேற வண்டி சொல்லிட்டேன். நாளையிலருந்து வராத."

வெளியே மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு போன் போட்டேன்.

"வலது பக்கம் திரும்பியிருக்காம்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது.

"கேமு," என்றான். போன் கட்டாகிவிட்டது.

பாயின் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான். தோளில் ஸ்டிக்கர் ரோல், பையில் பிளேடு, சோப்புத் தண்ணீர் பாட்டில். வழியில் எங்கும் காலை ஊன்றியிருக்க மாட்டான். என்னைப் பார்க்காமல் நேராக சூப்பர்வைசரிடம் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், தப்பு என்னுது. அண்ணாத்தது இல்ல. கேமுல பெட்டியோட இடது பக்கம் நேரா வரும் சார். வலது பக்கம் தானா திரும்பிக்கும். அதனால அந்தப் பக்கத்து படத்த நாமளே முன்னாடியே திருப்பி எழுதிட்டா அங்க நேரா வந்துடும். வாரம் பூரா பெட்டி நம்பர அப்டித்தான் எழுதிகினு இருந்தேன். கை பழகிடுச்சி."

"இது கேமா?"

"இல்ல சார்."

"இது வேனு."

"ஆமா சார்." ஜன்னல் காலை மாற்றி மாற்றி நின்றான். "ஆனா உள்ள குந்தி பாருங்க சார். உள்ள நேராத்தான் கீது. வண்டில போறவன்தானே ஜன்னல ரொம்ப நேரம் பாக்கிறான். வெளில நிக்கிறவன் ஒரு செகண்டு."

"உள்ள குந்தியிருக்கிறவனுக்கு எந்த வண்டின்னு தெரியாதாய்யா? ஏறித்தானே குந்தினான்."

ஜன்னல் பையிலிருந்து சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்தான்.  ஜன்னல் பற்றிய ஒரு பேச்சில் அவன் தோற்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"சாயந்திரம் பிக்கப்புக்குள்ள மாத்திடறேன் சார். மாத்தலன்னா வேனோட என்னையும் துரத்துங்க."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது போதும் என்று அவன் வெயிலில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தான். நன்றாக ஒட்டியிருந்ததால் உரிய மறுத்தது. நகம் ஒன்று பாதி பிய்ந்தது. வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த விரலுக்கு மாறினான். மிஷின் இல்லை. எழுத்துகளைக் கையாலேயே பிளேடால் வெட்டினான். நான் ரோலைப் பிடித்துக்கொண்டேன். வெட்டி முடித்ததும் அவனுக்குப் பயம் வந்துவிட்டது. கை மறுபடியும் திருப்பிவிடுமோ என்று.

சூப்பர்வைசர் சும்மா எட்டிப் பார்க்க வந்தார். ஜன்னல் பிடித்துக்கொண்டான்.

"சார், நீங்க இப்டி வெளில நில்லுங்க. அண்ணாத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு எது உள்ள, எது வெளிலன்னு மறந்துடும். ஒட்ட ஒட்ட நீங்க படிங்க."

அவர் முறைத்தார். நின்றார். முதல் எழுத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். மூன்றாவதில் ஸ்கூல் வாத்தியார் மாதிரி சத்தமாகப் படித்தார். ஐந்தாவதில், "கொஞ்சம் மேல தூக்குயா," என்றார். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு எழுத்தின் மூலையைத் தானே பிடித்தார். கடைசி எழுத்தை அவர்தான் ஒட்டினார். ரப்பரால் தேய்த்தும்விட்டார். நாலு அடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

தன் கையால் எழுத்து ஒட்டிய வண்டியை எந்த மனிதனும் கேட்டில் நிறுத்த மாட்டான். அவரே போனை எடுத்து, சாயந்திரத்துக்குச் சொன்ன வேறு வண்டியை வேண்டாம் என்றார். நான் கும்பிட்டேன். அவர் பார்க்காத மாதிரி போய்விட்டார்.

திரும்பினால் ஜன்னலைக் காணோம். வரிசையில் நின்ற புது வண்டிகளின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போயிருந்தான்.

"ஒண்ணுலயும் ஒரு கறை இல்ல அண்ணாத்த. எப்டித்தான் இதுல மனுஷன் போறானோ."

சூப்பர்வைசர் அந்த வாரமே அவனைக் கூப்பிட்டு அங்கிருந்த மற்ற வண்டிகளுக்கும் ஒட்டச் சொன்னார். அந்த வேலை முடிவதற்குள் வேறொரு வண்டிக் கம்பெனிக்காரன் கூட்டிப் போனான். ஜன்னல் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அறையைக் காலி செய்தான். பாய், "தொல்ல உட்டுது," என்றார். சொல்லிவிட்டு அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்தினார். இப்போது ஜன்னல் ஓசூரில் இருக்கிறான் என்கிறார்கள். கோயம்புத்தூர் என்றும் சொல்கிறார்கள். எங்கே இருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டான்.

அவன் எழுத்து மாற்றிய மறுநாள் மத்தியானம், சவாரி இல்லாத நேரத்தில், வேனின் கடைசி சீட்டில் காலை நீட்டிப் படுத்தேன். தலைக்கு மேலே இருக்கிற சின்ன ஜன்னலில் புதிதாக எழுத்து தெரிந்தது. தமிழ். பிளேடால் வெட்டியது. எப்போது ஒட்டினான் என்று தெரியாது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'அண்ணாத்த தூங்குது. தட்டாதே.'

இறங்கிப் போய் வெளியே நின்று பார்த்தேன். திரும்பியிருந்தது.

வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லி செக்யூரிட்டி தினமும் அந்தக் கண்ணாடியைத்தான் தட்டுகிறான். அவனுக்கு அது படிக்க வராது. நான் எழுந்து வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, மறுபடி வந்து படுப்பேன். படுத்ததும் ஒரு தடவை அதைப் படிப்பேன். அப்புறம்தான் தூக்கம் வரும்.