ஏ அறுபத்துநாலும் என் வலது காலும்

கர்த்தருக்குள் அன்பான மச்சான் பென்சன் அவர்களுக்கு,

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தேவஇரக்கம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கான்சாபுரத்தில் நீங்களும், நாலு நாளாக உங்கள் வீட்டிலிருக்கும் உங்கள் தங்கை செல்லத்தாயும் சுகமென்று நம்புகிறேன். போனில் கூப்பிட்டால் அவளே எடுத்து அவளே வைத்துவிடுகிறாள். ஆகையால் கடிதம்.

சபையாரோடு செண்பகத்தோப்புக்குப் போனபோது முள் கீறி, வலது கால் சிவந்து வீங்கி, ராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தேன் அல்லவா? வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் நோயின் பெயருக்குப் பதிலாக 'ஏ 64' என்று மட்டும் இருந்தது. அது என்னவென்று மகள் அக்சாவிடம் கேட்டதுதான் நான் செய்த ஒரே பாவம். போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது வேற மாதிரி வருதே" என்றாள். சத்தமாக வாசி என்று நானேதான் சொன்னேன் மச்சான். "பாலுறவால் பரவும் நோய், வகை குறிப்பிடப்படாதது" என்று வாசித்தாள். அரிசி களைந்துகொண்டிருந்த உங்கள் தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வகைய விடுங்க. ஆளையாவது குறிப்பிட்டிருக்கா?" என்று கேட்டாள். அடுத்த பஸ்ஸில் உங்கள் ஊருக்கு வந்துவிட்டாள்.

அந்தக் காலையும் இழுத்துக்கொண்டு நான் ராஜபாளையம் போனேன். கவுண்டரில் முனீஸ்வரி என்று ஒரு பெண். தாளைப் பார்த்தவள் மைக்கில், "ஐயா, குறிப்பிடாததுன்னு இருக்கு. எந்த நோய்னு நீங்க குறிப்பிட்டுச் சொல்லிட்டீங்கன்னா மாத்திரலாம்" என்றாள். டோக்கனோடு உட்கார்ந்திருந்த அம்புட்டுப் பேரும் நான் குறிப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள். வேட்டியைத் தூக்கி, "காலு தாயி, காலு!" என்றேன். பதற்றத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிவிட்டேன் போலிருக்கிறது, செக்யூரிட்டி வந்துவிட்டார். பொறவு டாக்டரின் சீட்டைத் தேடியெடுத்துப் பார்த்தார்கள். என் காலில் வந்த தோல் தொற்றுக்கு ஏ 46. தட்டும்போது எண் திரும்பிவிட்டது. "சாரிங்கய்யா, ரெண்டு நம்பர்தான் இடம் மாறியிருக்கு" என்றாள். முப்பத்தெட்டு வருஷத்துக் குடும்பம் மச்சான்!

திருத்திய தாள் வர ஒரு வாரமாகுமாம். நீங்கள் மூத்தவர், சொன்னால் கேட்பாள். நான் குற்றமற்றவனென்று எடுத்துச் சொல்லிக் கையோடு கூட்டிவாருங்கள். எனக்கு அலுத்துவிட்டது. நான் வைக்கிற கஞ்சிகூட அடிபிடிக்கிறது.

சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். மிச்சமிருந்தால் இங்கேயும் கொஞ்சம் அனுப்பவும்.

இப்படிக்கு,
தேவஇரக்கம்

பி.கு.: மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் செல்லத்தாயே ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். நாற்பத்தாறையும் அறுபத்துநாலையும் விளக்கினேன், காதிலேயே வாங்கவில்லை. "நான் எப்பச் சந்தேகப்பட்டேன்? மூணு வாரமா காலு காலுன்னு அனத்துனீங்க. நாலு நாளு நிம்மதியாத் தூங்கலாம்னு அண்ணன் வீட்டுக்குப் போனேன். இந்த வயசுல உங்கள எவ ஏறெடுத்துப் பாப்பா?" என்கிறாள். அக்சா சிரிக்கிறாள். நான் நிரபராதி என்பது உண்மைதான் மச்சான். அதற்காக ஒரு நாள்கூடவா சந்தேகப்படக் கூடாது?