ஒப்படைக்குக் கட்டிய தோரணம்

பயந்த சுபாவம் உள்ளவன் படிக்கப் போகக் கூடாது. போனாலும் ஒப்படை கேட்கிற படிப்புக்குப் போகக் கூடாது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், நாற்பது வயதில், கைப்பேசி வழியாக மொழியியலும் குறியியலும் படிக்கச் சேர்ந்தேன். (விண்ணப்பத்தில் எத்தனையாம் வகுப்பு என்று கேட்கவில்லை. அதுதான் காரணம்.) சண்டிலிப்பாயில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்தபடி காதில் வயரைச் செருகி விரிவுரை கேட்பேன். உலகத்தில் எல்லாமே குறிதான் என்றார் விரிவுரையாளர். நெஞ்சு லேசாகக் குத்தினாலே மாரடைப்பின் குறி என்று படுத்துவிடுகிற எனக்கு அது ஆறுதலாக இல்லை.

கடைசி ஒப்படை இதுதான்: உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறியைப் படமெடுத்து அனுப்புக, ஊரார் அதை எப்படி வாசிக்கிறார்கள் என்றும் எழுதுக. ஐந்து மணிக்குள் போகாவிட்டால் சான்றிதழ் இல்லை. அதுவரை என் பெயருக்கென்று தனியாக வந்த சான்றிதழ் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். (கலியாணச் சான்றிதழில் வசந்தியின் பெயரும் இருக்கிறது.)

நான் தோரணத்தைத் தெரிவு செய்தேன். அதில் குருத்தோலையை மடித்துச் செய்த குருவித்தலை மேலே பார்த்தால் நல்ல காரியம், கீழே பார்த்தால் செத்த வீடு. உண்மையான செத்த வீட்டில் போய்ப் படமெடுக்க எனக்குத் துணிவில்லை. ஆகவே கடைசி நாள் பின்னேரம், மனைவி வசந்தி சந்தைக்குப் போயிருக்க, மாமனார் உள்ளே நித்திரையாக இருக்க, எங்கள் வாசல் படலையிலேயே கீழே பார்க்கும் தோரணத்தைக் கட்டி நாலு படம் எடுத்தேன்.

உடனே அவிழ்த்திருக்கலாம். படம் சரிவராவிட்டால் திரும்ப எடுக்க வேண்டுமே என்ற கவலையில் விட்டுவிட்டேன். வீட்டில் சிக்னல் இல்லை. தோட்டத்துக் கிணற்றுக்கட்டில் ஏறி நின்று படத்தை அனுப்பி முடிக்க ஒரு மணித்தியாலம் போய்விட்டது.

திரும்பி வந்தால் வீட்டுக்கு முன்னால் ஒழுங்கை நிறையச் சைக்கிள். முற்றம் நிறையச் சனம். மாமனார்தான் போய்விட்டார் என்று நினைத்தேன். வேலிக் கிடுகை விலக்கிப் பார்த்தேன். மாமனார் கதிரையில் இருந்தார். பக்கத்து வீட்டுப் புவனேஸ் அக்கா அவருடைய கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தார்.

"காலமையும் நெஞ்சு குத்துது எண்டவன். நான்தான் வாய்வு எண்டு சொல்லிப்போட்டன்."

"ஒவ்வொரு நாளும் சாகப்போறன் எண்டு சொல்லுவான்," என்றார் மாமனார். "இண்டைக்குச் சொல்லாமல் போயிட்டான்."

அப்போதுதான் விளங்கியது, செத்தது நான்.

"உடம்பு எங்கை?" என்று கேட்டார் முன்வீட்டுக் கந்தையா அண்ணை.

"ஆசுப்பத்திரியிலை இருக்கும்."

"ஆர் கொண்டு போனது?"

"தெரியாது. நான் நித்திரை."

உள்ளே போகவும் பயம், ஓடவும் பயம். மணி நாலேகால். ஊரார் எப்படி வாசிக்கிறார்கள் என்ற பகுதியில் ஒரு வரிகூட எழுதவில்லை. சந்தைப் பையோடு வந்த வசந்தி, வேலியோரம் பதுங்கி நின்ற என்னைக் கண்டு திகைத்தாள்.

"இஞ்சாருங்கோ, எங்கடை வீட்டிலை ஆர் செத்தது?"

"நான்தான் போலை."

சட்டையைப் பிடித்து என்னை முற்றத்துக்கு இழுத்துப் போனாள். அழுகை சட்டென்று நின்றது.

"உவன் உயிரோடை நிக்கிறான்," என்றார் கந்தையா அண்ணை, நான் ஏதோ களவு செய்ததுபோல.

படிப்பு, ஒப்படை, குறியியல் என்று உளறினேன். மாமனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப தேத்தண்ணி வைக்க வேண்டாமோ?" என்றார்.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது, கொப்பியை விரித்தேன். "புவனேஸ் அக்கா, தோரணத்தைக் கண்டவுடனை என்ன நினைச்சனீங்கள்?"

"பாவம் பொடியன் எண்டு நினைச்சன். இப்ப அப்பிடி நினைக்கேல்லை. அதையும் எழுது."

எழுதினேன். ஆளாளுக்கு ஏசியதையும் விடாமல் எழுதினேன். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கக் கிணற்றுக்கட்டில் நின்று அனுப்பினேன். ஊராரின் வாசிப்பை மிக ஆழமாகத் திரட்டியிருக்கிறீர்கள் என்று பாராட்டி விரிவுரையாளர் சான்றிதழ் அனுப்பினார்.

எங்கள் ஒழுங்கையில் எந்தப் படலையில் அந்தத் தோரணம் தொங்கினாலும் சனம் இன்றைக்கும் முதலில் எங்கள் வேலியடியில் சைக்கிளை நிறுத்துகிறது.

"தம்பி, உது சாவோ, பாடமோ?"

இப்போது எனக்குப் புதுக் கவலை. நான் உண்மையாகவே போகிற அன்றைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். வசந்தியிடம் சொன்னேன்.

"உதுக்கு ஏன் யோசிக்கிறியள்," என்றாள் அவள். "பாடம் முடிஞ்சுது எண்டு ஒரு மட்டையிலை எழுதித் தோரணத்தோடை தொங்க விடுறன்."