இருபத்திரண்டு 'தாராளமாக'

"பதினாலாவது கேள்விக்கு என்ன எழுதியிருக்கீங்க?" என்று கிளெனிஸ் கேட்டபோது, ஆம்புரோஸ் டிட்வெல் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மையைத்தாம்மா."

"அதான் பயமா இருக்கு. குடுங்க இப்படி."

ஆல்டர்பி ஊர்ச்சபைக்கு ஆம்புரோஸ் தலைவர், கிளெனிஸ் எழுத்தர். மேசைமேல் ஊரார் நிரப்பிக் கொடுத்த எண்பத்து மூன்று படிவங்கள் கிடந்தன. போன குளிர்காலத்தில் கர்னல் கார்ஸ்வெல் இறந்துபோக, ஊருக்கு நடுவே இருக்கும் அவருடைய திடல் தம்பி மகன் ஜூலியன் கைக்கு வந்தது. வந்த வேகத்தில் நாற்பது வீடு கட்டப்போவதாக அறிவித்துவிட்டான்.

தடுக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. இருபது வருஷம் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்காமல் ஊரார் ஒரு நிலத்தைப் புழங்கியிருந்தால், அதை ஊர்ப் பொதுத் திடலாகப் பதிவு செய்யலாம். வாங்கிப் புழங்கியிருந்தால் முடியாது. இங்கிலாந்தில் மரியாதை தெரிந்தவனுக்குப் பட்டை நாமம் போடும் சட்டம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பதிவுக்கான படிவத்தில் பதினாலாவது கேள்வி, சொந்தக்காரரிடம் எப்போதாவது அனுமதி கேட்டீர்களா என்பது. எண்பத்து மூன்று பேரும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். எண்பத்து நாலாவதான தலைவரின் படிவத்தில் மட்டும் குண்டு குண்டான எழுத்தில் 'ஆம், வருஷா வருஷம்' என்றிருந்தது.

கிளெனிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யார்கிட்ட கேட்டீங்க?"

"கர்னல்கிட்டதான். ஏப்ரல்ல ஒரு கடிதம் போடுவேன். 'வரும் ஆண்டும் ஊரார் தங்கள் திடலில் நடக்கவும் விளையாடவும் அனுமதிப்பீர்களா'ன்னு. அடுத்த வாரமே 'தாராளமாக'ன்னு பதில் வந்துடும். வாசப்படி தாண்டி வராத மனுஷன், யார்கூடயும் பேசமாட்டார். ஆனா பதில் மட்டும் தவறினதே இல்ல."

"உங்கள எவன் கேக்கச் சொன்னது?"

"அடுத்தவர் நிலம்மா. கேக்காம எப்படிக் கால் வைக்கிறது?"

"ஊரே வச்சுதே!"

"ஊருக்கும் சேத்துத்தானே கேட்டேன்."

அந்தத் திடலை விட்டால் ஆல்டர்பியில் ஒரு பந்தை உருட்ட இடம் கிடையாது. ஆம்புரோஸின் மகள் நடை பழகியது அங்கேதான். அவர் மனைவி தன் கடைசிக் கோடையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வெயில் காய்ந்ததும் அங்கேதான். அது தன் கடிதங்களாலேயே போய்விடுமே என்று நினைத்து ஆம்புரோஸ் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அந்தப் படிவத்தைத் தராதீங்க, தலைவரே. பொய் சொல்லச் சொல்லல. சும்மா இருங்கன்னுதான் சொல்றேன்."

சும்மா இருக்க அவருக்கு வரவில்லை. தலைவர் பதவியை விட்டுவிட்டால் கடிதங்கள் ஏதோ ஒரு தனி மனிதன் எழுதியதாகிவிடும் என்று கணக்குப் போட்டார். காரணம் சொல்லாமல் விலகுவது மரியாதை இல்லையே என்று, ராஜினாமாக் கடிதத்தில் இரண்டு பக்கத்துக்குக் காரணம் எழுதினார்.

சபையில் அதைப் படித்ததும் மதுக்கடை டிரெவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நமக்குத் தெரியாமலே இத்தனை வருஷம் நமக்காகக் கேட்டிருக்காரு! இவரையா போகச் சொல்றது?"

ராஜினாமா ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது. 'ஊராருக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் அனுமதி பெற்றுத் தந்தமைக்காக' நன்றித் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது. கிளெனிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பதிவேட்டில் எழுதினார்.

"இந்த நன்றிக்கு நான் தகுதியில்லம்மா. எடுத்துடலாமா?" என்றார் ஆம்புரோஸ், கூட்டம் முடிந்ததும்.

"எடுக்கிறதுக்கு இன்னொரு தீர்மானம் வேணும். தீர்மானம்னா மூணு நாள் முன்னாடி பலகையில ஒட்டணும். விட்டுடுங்க, தலைவரே."

அவர் விடவில்லை. பேருந்து நிறுத்தத்துப் பலகையில் அறிவிப்பு ஏறியது: 'பொருள் ஆறு: திடலுக்கு அனுமதி பெற்றது பற்றிய வாசகத்தை நீக்குதல்.' நாயோடு நடக்கப் போன ஜூலியன் அதை இரண்டு தடவை படித்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பதறிப்போய் ஆம்புரோஸ் அவன் வீட்டுக்கே போனார். "அதப் பெருசா எடுத்துக்காதீங்க, தம்பி."

"எத சார்? எனக்கு ஒண்ணும் புரியல."

புரியவில்லை என்றவனுக்கு விளக்காமல் வர முடியுமா? முழுசாக விளக்கினார்.

"பெரியப்பாவோட பதிலெல்லாம் வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணு விடாம இருக்கு."

"பாத்துட்டுத் தரட்டுமா?"

கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. நாடா போட்டுக் கட்டிக் கொடுத்தனுப்பினார். அதன்பின் கிளெனிஸ் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

திடலைப் பதிவு செய்யக் கேட்ட மனுமீது விசாரணை ஊர்க்கூடத்தில் நடந்தது. மாவட்டத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி அம்மாள் முன்னால், ஜூலியனின் வக்கீல் இருபத்திரண்டு பதில்களையும் வரிசையாக அடுக்கினார்.

"இதெல்லாம் உங்களுக்கு வந்ததுதானே, திரு டிட்வெல்?"

"ஆமாம்."

ஆம்புரோஸ் மெல்ல ஊரார் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சிடுங்க. நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன்." டிரெவர் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை நாள் கோபமாக இருந்த கிளெனிஸ் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றார்.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்தார். "சொந்தக்காரரோ, அவர் சொல்லி இன்னொருவரோ தந்தால்தான் அது அனுமதி. இது கர்னல் எழுத்துதான் என்று உறுதிசெய்ய ஆள் உண்டா?"

"உண்டு, அம்மா" என்றார் வக்கீல். கர்னல் வீட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்த டோர்கஸ் பீல் கைப்பையை அணைத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"இந்த எழுத்து உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியுங்க."

"யாருடையது?"

டோர்கஸ் வக்கீலைப் பார்க்கவில்லை. முகம் சிவக்க ஆம்புரோஸைப் பார்த்துச் சொன்னார்:

"என்னோடதுதாங்க. கர்னல் உங்க கடிதம் ஒண்ணைக்கூடப் பிரிச்சதே இல்ல, பதில் வராம நீங்க மனசு ஒடிஞ்சு போயிடுவீங்களேன்னு, அவருக்குத் தெரியாம வருஷா வருஷம் நானே எழுதிப் போட்டேன்."