சத்தம் போடும் சாவி

"இணைந்துள்ள கருவிகள், ஏழு" என்று அந்தச் சின்னக் கருவி அறிவித்ததும் வெற்றிச்செல்வன் பொத்தானை மறுபடியும் அழுத்திப் பார்த்தான். அதே ஏழுதான்.

பார்வையற்றவர்களுக்கென்றே செய்த கருவி அது. திரை கிடையாது, பொத்தான்கள்தான். எதை அழுத்தினாலும் வாய்விட்டுச் சொல்லும். மூன்று வருஷமாக வேலையில்லாமல் இருந்தவனுக்கு இன்று பதினொரு மணிக்கு இந்தக் கருவியிலேயே இணையத்தில் நேர்காணல். தன்னைப் போன்றவர்களுக்கு இணையத்தைப் பத்திரமாகக் கையாளச் சொல்லிக்கொடுக்கும் வேலை. சொந்த ஊரான கரியாலூரில் சிக்னல் எடுக்காது என்பதற்காகவே மனைவியோடு மலையிறங்கி, கள்ளக்குறிச்சியில் வாடகைக்கு வீடு பிடித்து, நேற்றுதான் வைஃபை போட்டான்.

"ஏழு பேரா? நம்ம வூட்ல இருக்கறது நாம ரெண்டு பேருதானே!" என்றாள் மனைவி சிவரஞ்சனி.

"மீதியெல்லாம் திருட்டுக் கூட்டம். நேத்து வைஃபை போட்ட கேபிள்காரரு தெருவுக்கே ஒரே பாஸ்வேர்டு போட்டுட்டுப் போயிருக்காரு. ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும். எல்லா வூட்டு வைஃபைக்கும் ஒரே கம்பெனி பேரு வேற. பூட்டுனா இன்னா, பூட்டாட்டி இன்னா?"

மணி பத்து. பாஸ்வேர்டை மாற்ற உட்கார்ந்தான். கருவி ஊருக்கே கேட்கிற மாதிரி ஓதியது. "கே. ஏ. ஆர். ஐ." மாற்றும்போது ஒரு தடவை, திரும்ப உள்ளே நுழையும்போது இன்னொரு தடவை. ஐந்து நிமிஷம் கழித்து எண்ணிப் பார்த்தான்.

"இணைந்துள்ள கருவிகள், எட்டு."

"ஜன்னல் தொறந்து கெடக்குது. இது கத்துறது ரோட்டு வரைக்கும் கேக்குது" என்றாள் சிவரஞ்சனி.

ஜன்னலைச் சாத்தினார்கள். போதாதென்று அவள் வெறும் மிக்சியை ஓடவிட்டாள். அந்த இரைச்சலில் கருவி பேசியது வெற்றிக்கே கேட்கவில்லை. சத்தத்தை முழுசாக ஏற்றி, இரண்டாவது தடவை பாஸ்வேர்டை மாற்றினான். நேரம் பார்த்து மின்சாரம் போய் வந்தது. மிக்சி நின்ற அந்த இடைவெளியில் புது பாஸ்வேர்டு முழுசும் தெருமுனை வரை போய்ச் சேர்ந்தது.

"இணைந்துள்ள கருவிகள், பதினொன்று."

வெற்றிக்கு அழுகையே வந்துவிட்டது. "போச்சு ரஞ்சனி. இத்தினி பேரு இழுத்தா லைன் அறுந்துபூடும். மூணு வருசமா காத்துக்கினு இருந்தேனே!"

அவன் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் சிவரஞ்சனி செருப்பைக்கூட மாட்டாமல் கடைக்கு ஓடினாள். பத்தே முக்காலுக்கு மூச்சிரைக்க ஓர் இயர்போனோடு வந்தாள். மூன்றாவது பாஸ்வேர்டு வெற்றியின் காதுக்குள் மட்டும் ஒலித்தது. தெரு கப்சிப்.

"இணைந்துள்ள கருவிகள், ஒன்று."

பதினொரு மணிக்கு இணைப்பு கண்ணாடி மாதிரி இருந்தது. கேள்வி கேட்ட செந்தமிழ்ச்செல்வி மேடத்தின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. வெற்றி தடுமாறாமல் பதில் சொன்னான். மேடத்துக்குப் பரம திருப்தி.

"கடைசிக் கேள்வி. அடுத்தவங்க நெட்வொர்க்ல ஒருத்தர் அத்துமீறி நுழைஞ்சா என்ன பண்ணணும்?"

வெற்றி நிமிர்ந்து உட்கார்ந்தான். "இன்னிக்கு எனக்கே நடந்துதுங்க மேடம். வெக்கங்கெட்ட கூட்டம். மூணு தடவை பாஸ்வேர்டை மாத்தி, ஒருத்தர் விடாம வெளிய தள்ளிட்டேன்."

"அருமை! அப்படிப்பட்ட ஆளுங்களை..." என்று மேடம் ஆரம்பித்தபோது கதவு தடதடவென்று தட்டப்பட்டது. சிவரஞ்சனி திறந்தாள். பக்கத்து வீட்டுக் கண்ணகியக்கா கையில் செல்போனோடு நேராக உள்ளே வந்து, கருவி இருந்த மேஜைக்கு முன்னால், அதன் மைக்குக்கு நேராக நின்றார்.

"ஏம்ப்பா, காலைலேருந்து எங்க வூட்டு வைஃபை பொட்டிக்கு நீ பாஸ்வேர்டு மாத்திக்கினே இருக்கற, கண்ணு தெரியாத புள்ள, தெரியாம பண்ணுதுன்னு சும்மா இருந்தோம். முன்னயாவது சத்தமா அடிச்ச, கேட்டு நாங்களும் போட்டுக்கினோம். இப்ப காதுல மாட்டிக்கினா நாங்க இன்னாப்பா பண்றது?"