ஒரே காளையைக் கொன்ற மூன்று குடும்பங்கள்

நல்லூர்,
திருப்பூர்.

மடத்துக்குளத்தில் இருக்கும் செந்தில்வேல் மச்சான் அவர்களுக்கு உங்கள் தங்கை வீட்டுக்காரன் கிட்டுசாமி பணிவுடன் எழுதிக்கொண்டது. அங்கே நீங்களும் அக்காவும் தோப்பும் வாய்க்கால் தண்ணீரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நாம் இருவரும் மாறி மாறி மரியாதை விசாரித்து முடிப்பதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், விஷயம் அப்படியே நின்றுவிடுகிறது.

விஷயம் நம் பிள்ளை வர்ஷினியின் கல்யாணம். அது நிற்கிற நிலைமைக்கு வந்துவிட்டது. காரணம் எங்கள் பங்காளி, ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தையே ஆண்ட பட்டக்காரர் வீட்டுப் பூபாலன் அண்ணன். பட்டம் போய், பூமி போய், அரண்மனை மாதிரி வீட்டில் ஓடு பாதி போய், இப்போது அவரிடம் மிச்சம் இருப்பது வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியும் ஊர் கொடுக்கும் மரியாதையும்தான். துப்பறியும் கதையாகப் படித்துப் படித்து, தானும் ஒரு துப்பறிவாளர் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அவர் எடுத்துக்கொண்ட வழக்கு, வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு மாட்டுப் பொங்கலுக்கு முந்தின நாள் அவருடைய தாத்தாவின் பொலிகாளை வாயில் நுரை தள்ளிச் செத்தது. அந்தத் துக்கத்தில் தாத்தாவும் சோறு இறங்காமல் போய்ச் சேர்ந்தாராம். அதனால் காளையைக் கொன்றவனே தாத்தாவையும் கொன்றவன் என்று சொல்லி, துணியில் இழை பார்க்க என் பனியன் கம்பெனியில் வைத்திருந்த லென்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். லென்ஸ் இல்லாமல் நாங்கள் அனுப்பிய துணி ஓட்டையோடு போய்த் திரும்பி வந்த கதையை நேரில் சொல்கிறேன்.

முதலில் ஒரு அரிசி ஆலைக்காரர் வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன், என் தலையெழுத்து. "ஏனுங்க, உங்க தாத்தாதானுங்களே எங்க காளைக்கு அரளி வெச்சது?" என்று கேட்டார். ஆலைக்காரர் எழுந்து நின்று, "நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். மோர் குடிங்க சாமி" என்றார். வழக்கு முடிந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். மறுவாரம் மாட்டு வைத்தியர் பரம்பரை ஒன்றிடம் போய் அதே கேள்வியைக் கேட்டார். அவர்களும் ஆமாங்க என்று சொல்லி இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் பட்டக்காரர் வீட்டு ஆள் முகத்துக்கு நேரே யார் இல்லீங்க என்று சொல்லியிருக்கிறார்கள்? ஒரே காளையை இரண்டு குடும்பம் தனித்தனியாக எப்படிக் கொல்லும் என்று நான் மெதுவாகக் கேட்டேன். "கூட்டுச் சதி, கிட்டு" என்றார். நானும் ஆமாங்கண்ணா என்றேன்.

இதற்கு நடுவில் என் கம்பெனியில் பீஸ் செக்கிங், அதாவது தைத்த பனியனில் குறை பார்க்கும் ரோஸ்மேரியையும் விசாரித்தார். அது தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். "எங்க காளையப் பத்தி உனக்கென்னம்மா தெரியும்? நீயும் இதுல கூட்டா?" என்றார். அது பனியனை மடித்து வைத்துவிட்டு, "இல்ல. எங்கப்பாவே பொறக்காத காலத்துல செத்த மாட்டுக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றது. அந்த 'இல்ல', அண்ணன் ஆயுளில் யாரும் அவரிடம் சொல்லாத வார்த்தை. வெளியே வந்து, "இவ எதையோ மறைக்கறா" என்று என் காதில் சொன்னார். அன்றிலிருந்து அது டீ குடிக்கப் போகும்போதெல்லாம் பின்னால் கைத்தடிச் சத்தம். "அவுக இனி இங்க வந்தா நான் ஊருக்குப் போயிருவேன்" என்று ரோஸ்மேரி சொல்லிவிட்டது. நல்ல ஆள் கிடைக்காத ஊரில் எனக்கு இதுவும் சேர்ந்துகொண்டது.

இப்படி இருக்கும்போதுதான் காங்கேயத்திலிருந்து மாப்பிள்ளை சதீஷ்குமார் வீட்டார் நிச்சயத்துக்கு வந்தார்கள். நீங்கள் காய்ச்சலில் வர முடியாமல் போனது என் கெட்ட நேரம். பந்தி நடந்துகொண்டிருந்தது. பூபாலன் அண்ணன் நடுவில் எழுந்து, லென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையின் தாத்தாவைப் பார்த்து, "ஏனுங்க பெரியவரே, உங்க அப்பாரு செக்குப் புண்ணாக்குலதானுங்களே எங்க காளைக்கு விஷம் வந்தது?" என்றார். அந்தப் பெரியவர் பாதிப் போளியை இலையில் வைத்துவிட்டு, எச்சில் கையை மறைத்துக்கொண்டு எழுந்து, "ஆமாங்க. பட்டக்காரரு ஊட்டுலருந்து கேட்டா இல்லீன்னா சொல்லுவமுங்க?" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து ரசம் கேட்டார். அவருக்கு அது வெறும் மரியாதை. ஆனால் கூட இருந்த சம்பந்திக்கு முகம் கறுத்துவிட்டது. எல்லோரும் கை கழுவி, "போயிட்டு வர்றமுங்க" என்று ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு போனார்கள். மாற்றிக்கொள்ளாத தாம்பூலத் தட்டு மட்டும் இங்கேயே இருக்கிறது. உங்கள் தங்கை நஞ்சம்மாள் போன் செய்ததற்கு, "கொலகாரக் குடும்பத்துக்கு உங்க புள்ள எதுக்குங்க" என்று சம்பந்தியம்மா சொல்லி, போனை வைத்துவிட்டார்களாம்.

மண்டபம் சொல்லியாயிற்று, பத்திரிகை அச்சில் இருக்கிறது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. வீட்டில் டிவி கூடப் போடுவதில்லை. வர்ஷினி மட்டும் துக்கத்தை வெளியே காட்டாமல் நன்றாகச் சாப்பிடுகிறாள், ஆபீஸ் போகிறாள், நேற்றுப் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். பெற்றவர்கள் மனம் நோகக்கூடாது என்று அந்தப் பிள்ளை இவ்வளவு பாடுபடுகிறது. நீங்கள் தாய்மாமன். உங்கள் வார்த்தைக்குக் கனம் உண்டு. இந்தக் கடிதம் கண்டதும் காங்கேயம் போய், காளை தானாகத்தான் செத்தது என்று எடுத்துச் சொல்லி, எப்படியாவது இந்தக் கல்யாணத்தை நடத்திக் கொடுக்க வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். எல்லோரையும் அந்தச் சிவன்மலை ஆண்டவர் காக்கட்டும், எங்களைக் கொஞ்சம் முன்னதாகவே காக்கட்டும்.

இப்படிக்கு,
கிட்டுசாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது நஞ்சம்மாள் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "நம்ம புள்ளகிட்ட நீங்க எப்படிங்க கேட்டீங்க?" என்றாள். எப்படிக் கேட்டேன்? "காங்கேயத்துப் பையனப் புடிச்சிருக்குதுதான கண்ணு?" என்று கேட்டேன். அவள் "ஆமாங்கப்பா" என்றாள். மச்சான், காளைக்கு எல்லோரும் சொன்ன அதே ஆமாங்க. மாடிக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "புடிக்கலீன்னாலும் சொல்லு கண்ணு, அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றேன். "இல்லீங்கப்பா, வேண்டாமுங்க" என்றாள். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். ஆகையால் நீங்கள் காங்கேயம் போவதென்னவோ போங்கள், ஆனால் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நான் போனால் அவர்கள் கேட்கிற எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தாம்பூலமும் மாற்றிக்கொண்டு வந்துவிடுவேன்.