பிஸ்கட் டின்னை ஒழித்த நாள்

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வருபவனை ஒரு மாதத்துக்காவது வேலையிடத்துக்குள் விடக்கூடாது. என்னை விட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலேசியாவின் செனாயில் ஒரு தொழிற்சாலை. பெட்டிகளில் ஒட்டும் லேபிளை அச்சடிக்கும் மென்பொருளைக் கவனிக்கும் நான்கு பேரில் நான் ஒருவன். மாதக் கடைசியில் வேலை நிரந்தரக் கடிதம் வரவேண்டும். அதை நம்பி அப்பா எங்கள் ஊர் பத்து பாகாட் முழுக்க என்னை மேனேஜர் ஆக்கியிருந்தார்.

எங்கள் பிரிவில் ஒரு பழக்கம். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் யார் கைவைக்கிறாரோ, அவர் மேசையில் ஒரு காலி பிஸ்கட் டின் இருக்கவேண்டும். டின் இல்லாதவர் தொடக்கூடாது. எங்கள் நால்வரில் ஒருத்தி, தங்காக் ஊரிலிருந்து வந்த ஸ்டெல்லாதான் அதற்குக் காவல்.

இரண்டு நாள் பயிற்சி முடித்து வந்த எனக்கு அந்த டின்னைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. (கற்காலமா இது?) நானே ஒரு புதுக் கருவியைத் தேர்ந்தெடுத்தேன். பொத்தானை அழுத்தினால் எழுதிய மாற்றம் நேரே ஓடும் மென்பொருளுக்குள் போய்விடும். இன்னொருவர் சம்மதித்தால்தான் போகும் என்று அதில் ஒரு பூட்டும் இருந்தது. அது வீண் தாமதம் என்று அணைத்துவிட்டேன்.

"உள்ள யாராச்சும் வேல செஞ்சிட்டிருந்தா எப்படித் தெரியும்?" என்றாள் ஸ்டெல்லா.

"அதெல்லாம் சிஸ்டம் பாத்துக்கும் லா," என்று டின்னைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

மறுநாள் மேலாளர் லிம்மை அழைத்து, அவர் கண்முன்னே பொத்தானை அழுத்தினேன். சோதனைக்காக, பொருளின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'திவாகர் ஹெபாட்' என்று அடித்திருந்தேன். (மலாயில், திவாகர் பிரமாதம். அடக்கம் எனக்குப் பிறவிக்குணம்.) அது எங்கள் அறையின் சோதனை அச்சுப்பொறியில் வரவேண்டும். வரவில்லை. அது பழுதென்று ஸ்டெல்லா காலையிலேயே இணைப்பைக் கீழ்த்தளத்தில் பெட்டிகளுக்குத் தானே லேபிள் ஒட்டும் அச்சுப்பொறிக்கு மாற்றிவிட்டு, அங்கே நின்று வேலை செய்துகொண்டிருந்தாள். டின் இருந்திருந்தால் அது அவள் மேசையில் இருந்திருக்கும்.

கீழே போய்ப் பார்த்தால், லாரிக்குக் காத்திருந்த பெட்டிகளில் எல்லாம் நான் பிரமாதமாக இருந்தேன்.

லிம் ஒரு பெட்டியை உரக்கப் படித்தார். "திவாகர், யூ மெமாங் ஹெபாட் லா." (நிஜமாகவே பிரமாதம்தான் என்று.) நிரந்தரக் கடிதம் மூன்று மாதம் தள்ளிப்போனது.

சாயங்காலம் வரை என் பெயரை நானே நகத்தால் சுரண்டினேன். அவமானத்தில் அழுகை வந்தது. ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து தானும் சுரண்டினாள்.

"அழாதீங்க. டின்ன நேத்தே எடுத்து வெச்சிட்டேன்."

அந்த டின் இப்போது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின்மேல் இருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு நண்பர்கள் அதில்தான் பரிசு வைத்துத் தந்தார்கள், மிச்சமிருந்த ஒரு லேபிளையும் ஒட்டி. நான் குழம்பைத் தீய்த்தால் மகள் அதைத்தான் உரக்கப் படிப்பாள்.

போன வாரம் சோறு வடிப்பதை விட்டுப் புதுக் குக்கர் வாங்கலாம் என்றேன்.

"டின்னு யாருகிட்ட இருக்கு?" என்றாள் ஸ்டெல்லா.

நான் போய்ச் சோற்றை வடித்தேன்.