சத்தம் போடாத விசிறி

சத்தமே போடாத விசிறி ஒன்றை வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன். ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனிதன் எடுக்கிற முடிவா இது என்று என்னை நானே கேட்டும் கொண்டேன். மற்ற முடிவுகளையெல்லாம் என் மனைவி பூங்கோதை எடுத்துவிட்டாள். எனக்கு மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

தலைக்கு மேல் சுற்றுகிற விசிறி இல்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்து அதன் சூட்டைத் தணிக்கிற விசிறி. கமுதியில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கிரயப் பத்திரங்கள் தட்டச்சு செய்வது என் தொழில். மதியம் வேலை ஓய்ந்ததும் லாரி ஓட்டுவேன். அதுவும் கம்ப்யூட்டர் விளையாட்டில்தான். ஏதோ ஒரு குளிர்தேசம். சாலையின் இரு பக்கமும் பனி. ஜன்னலுக்கு வெளியே கமுதி வெயிலில் தார் இளகிக்கொண்டிருக்கும். நான் பனியில் டயர் வழுக்காமல் பார்த்துப் பார்த்து ஓட்டுவேன். ஏன் ஓட்டுகிறேன்? இந்த வீட்டில் என் கைக்குக் கிடைத்த ஒரே ஸ்டியரிங் அதுதான் என்பதாலா? ஒருநாள் இதை ஆழமாக யோசித்தேன். வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது.

வினையே பழைய விசிறியால்தான். பத்திரம் அடித்தால் பூனை மாதிரி முனகும். லாரியைக் கிளப்பினால் பெட்டி சூடாகி, கதிரறுக்கும் மிஷின் மாதிரி அலறும். அடுக்களையிலிருந்து குரல் வரும்.

"என்னங்க, பத்திரமா அடிக்கிறீக?"

"ஆமா."

"பெரிய பத்திரமோ? சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது."

"பன்னெண்டு ஏக்கர்."

"எந்த ஊர்ல? பனி பெய்யுற ஊர்லயா? எந்திரிங்க. மாடிக்குப் போயி வத்தலக் கிளறிவிட்டு வாங்க."

மாசி, பங்குனியில் எங்கள் மொட்டை மாடி முழுக்க எங்கள் வயல் குண்டு மிளகாய் காயும். உச்சிவெயிலில் அதைக் காலால் கோதிவிட வேண்டும். மிளகாய் வத்தலாகிறதோ இல்லையோ, நான் ஆகிவிடுவேன். ஆகவே கணக்கு எளிது. சத்தம் போனால் வெயிலும் போகும்.

விசிறிகளைப் பற்றித் துருவ ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் அது ஒரு தனி உலகம். இறக்கை ஏழா ஒன்பதா, இறக்கையின் வளைவு என்ன, அச்சு எதில் உருள்கிறது! தூக்கத்திலும் இறக்கைகள் சுற்றின. ஒரு பொய்யை மறைக்க இவ்வளவு உண்மைகளைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று வருத்தமாகவும் இருந்தது.

பூங்கோதையிடம் பக்குவமாகச் சொன்னேன். "பெட்டி ரொம்பச் சுடுது. செத்துப்போச்சுன்னா ஊர்ச்சனம் பத்திரம் பூராம் போயிரும்."

"அப்ப நல்லதா வாங்குங்க. நானும் கூட வாரேன்."

துணிக்கடையாக இல்லாத ஒரு கடைக்கு அவள் கூட வருகிறேன் என்றது அதுவே முதல்முறை. எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ராமநாதபுரத்தில் சதக் என்பவரின் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டர் சாமான்களில் அவருக்குத் தெரியாதது இல்லை. இரண்டு விசிறிகளை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கை அளவு. இன்னொன்று கிட்டத்தட்ட இட்லித் தட்டு.

"அண்ணே, சிறுசு வேகமாச் சுத்துனாத்தான் காத்து வரும். அதான் கத்துது. பெருசு நிதானமாச் சுத்தும். காத்துக்குக் காத்து, சத்தமும் இல்ல."

ஓடவிட்டுக் காட்டினார். காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணில் நீர் வராத குறை.

"எந்நேரமும் ஒரே வேகந்தானா தம்பி?" என்றாள் பூங்கோதை.

"இல்லக்கா. லேசான வேலைன்னா ஏதோ பேருக்குச் சுத்தும். பெரிய வேலை குடுத்துப் பெட்டி சூடானா, தானா வேகம் பிடிச்சுக்கிரும்."

"ஓகோ" என்றாள். அந்த ஓகோவை நான் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

"முன்னாடி ஒரு தூசி வலை போட்ருவோமாண்ணே? கமுதிப் புழுதிக்கு நல்லது."

"வேணாம்யா. வலை போட்டா காத்துக் குறையும்" என்றேன். படித்தவன் அல்லவா!

வீட்டுக்கு வந்து பெட்டியில் மாட்டியதும், விசிறி உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தினேன். பூங்கோதை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவ்வளவு ஆசையோடு என் வேலையை அவள் பார்த்ததே இல்லை. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"இங்கன பாரு, மேசைக்குக் கீழ பெட்டியோட முன்பக்கம். புகைய உள்ள இழுக்குதா? பின்னாடி தள்ளுது பாரு. செவத்துல முட்டி, அப்படியே மேல வருது."

"உங்க மூஞ்சிக்கு நேரா வருது."

"மூலையில கிடக்குல்ல மேசை, அதான்."

"பத்திரம் அடிக்கையில இம்புட்டு வருமா?"

"ம்ஹூம். அப்ப சும்மா லேசாத்தான் சுத்தும்."

"பெரிய வேலைன்னாத்தான் இப்படி இழுக்குமாக்கும்?"

"கரெக்டு!" என்றேன். வாத்தியாராகப் போயிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் காலை மேசைக்குக் கீழே ஒரு வத்தல் மூட்டை உட்கார்ந்திருந்தது, பெட்டிக்கு நேர் முன்னால். வாய் கட்டாமல், மேலே நொறுங்கலும் விதையும் தூளுமாக.

"இங்கன எதுக்கு?"

"மாடியில காஞ்ச வரைக்கும் கட்டி இறக்கிட்டேன். உள்ள எடமில்ல. உங்க காலத் தொந்தரவு பண்ணுதா?"

"இல்ல, இருக்கட்டும்" என்றேன். விசிறி வாங்கிய மனிதனுக்குப் பெருந்தன்மை வந்துவிடுகிறது.

காலை முழுக்கப் பத்திரம் அடித்தேன். நிம்மதி. மதியம் லாரியை எடுத்தேன். சத்தமில்லை. அடுக்களையிலும் சத்தமில்லை. பனிமலை ஏறினேன். பின்னால் மரக்கட்டைப் பாரம், முன்னால் பாலம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று நினைத்தேன். மூக்கு லேசாக அரித்தது.

"ஹச்!"

"நூறு!" என்றாள் அடுக்களையிலிருந்து. பிள்ளைகள் தும்மினால் ஆயுசு நூறு என்று சொல்வோமே, அந்த நூறு.

"ஹச்!"

"எரநூறு!"

"ஹ... ஹச்!" லாரி பாலத்தை விட்டுவிட்டு ஆற்றில் இறங்கியது.

பூங்கோதை வாசற்படியில் வந்து நின்றாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். கண் மட்டும் சிரித்தது.

"பனியில லாரி ஓட்டுனா தடுமன் பிடிக்கத்தான செய்யும்? மாடிக்குப் போயி வெயில்ல நில்லுங்க, சரியாயிரும். அப்படியே வத்தலையும் கிளறிவிட்டுருங்க."

மாடியில் நின்றுகொண்டு யோசித்தேன். மூட்டையை நகர்த்தச் சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். தும்மல் வருகிறது என்றால், காலையெல்லாம் பத்திரம் அடித்தபோது வரவில்லையே என்பாள். அவளிடம் என்ன ஒளித்தேன்? காற்று எந்த வழியாக உள்ளே போய் எந்த வழியாக வெளியே வருகிறது என்று ஊதுபத்தி கொளுத்திப் பாடம் எடுத்தவன் நான்.

விசிறியைக் குறை சொல்ல மாட்டேன். இன்றுவரை அது ஒரு சத்தமும் போட்டதில்லை. அந்த வேலையை இப்போது நான் பார்க்கிறேன்.